கதவில்லாத வீட்டில் காய்ச்சிய பால்

என் வீட்டுக்காரர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, மறுபடியும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையோடு வந்து உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் காலையில் எனக்குப் போணியே ஆகவில்லை. யாரையும் குறை சொல்ல மாட்டேன். விடிந்ததும் வாங்குகிற முதல் பூவைத் தாலி இழந்தவள் கையால் வாங்க யாருக்கும் மனசு கூசத்தான் செய்யும். எட்டு மணிக்கு மேல், மற்ற கூடைகளில் பூத் தீர்ந்த பிறகு இரண்டு பேர் வருவார்கள். நாலாம் நாள், மலையிலிருந்து இறங்கிய வெள்ளிமலை பஸ் மறுபடி ஏறுவதற்கு முன்னால், அதன் டிரைவர் பெரியண்ணன் நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"ரெண்டு முழம் குடு தங்கச்சி" என்றார்.

மலைக்குப் போகிற வண்டி அது. ஒவ்வொரு வளைவிலும் பக்கத்திலேயே பள்ளம். அந்த வண்டி ஓட்டுகிறவர்கள் எலுமிச்சம்பழம் நசுக்காமல் சக்கரத்தை நகர்த்த மாட்டார்கள். அவர் என் பூவைக் கொண்டுபோய் ஸ்டியரிங்குக்கு மேலே இருந்த முருகன் படத்துக்குப் போட்டார். கண்டக்டர் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொன்னார். இவர் காதில் வாங்காமல் வண்டியை எடுத்துவிட்டார். அன்றிலிருந்து அவர் டியூட்டியில் இருந்த ஒவ்வொரு நாளும் என் முதல் போணி அவருடையது. மலை வண்டியே பத்திரமாகப் போய் வருகிறதே என்று ஒரு மாசத்தில் மற்ற டிரைவர்களும் வர ஆரம்பித்தார்கள். அவர் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. சாமியிடம் மட்டும் சொல்லிவைத்தேன்.

பெரியண்ணன் கல்வராயன் மலைக்காரர். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போனால் அவர் ஊர். சாமையும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அந்த ஊரிலிருந்து அரசாங்க பஸ் ஓட்ட வந்த முதல் ஆள் அவர்தான். மனைவி ஆயம்மாளுக்கும் மலைதான் பிறந்த இடம். வேலை கிடைத்ததும் இருவரும் கீழே இறங்கிக் கள்ளக்குறிச்சியில் வாடகைக்குக் குடிவந்தார்கள். முப்பது வருஷத்தில் ஏழு வாடகை வீடு பார்த்துவிட்டார்கள்.

அவர் ஓட்டியது பெரும்பாலும் தங்கல் வண்டி. கடைசி பஸ் ராத்திரி மலைமேல் ஒரு ஊருக்குப் போய் அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலேயே படுத்துத் தூங்கி, காலையில் அதை முதல் வண்டியாகக் கீழே கொண்டுவருவார்கள். வாரத்தில் நாலு ராத்திரி அவருக்கு பஸ்தான் வீடு. ஆயம்மாள் அண்ணி என்னிடம் பூ வாங்க வரும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

"இன்னா நியாயம் பாரும்மா. இவரு எங்க மலைல ஜம்முன்னு படுத்துக்கினு, மலைல பொறந்த என்ன இங்க யாரு வூட்டுக்கோ காவலுக்கு வெச்சிட்டாரு."

"அண்ணா காதுல உழப் போவுது அண்ணி."

"உழட்டுமே. உழுந்தாவாச்சும் ஒரு வூடு கட்டுவாரு."

சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் அந்த ஆசை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. மலையிலிருந்து சொந்தக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு, தாலுகா ஆபீசுக்கு என்று இறங்கி வருவார்கள். பலாப்பழமும் சாமை மூட்டையும் கூடவே வரும். வாடகை வீட்டின் சொந்தக்கார அம்மா கீழே நின்று வாசலில் கிடக்கிற செருப்புகளை எண்ணுவார். "இன்னா ஆயம்மா, செருப்பு ஜாஸ்தியா கெடக்குது? தண்ணி கம்மியாதான் வருது, தெரியுமில்ல?" என்று ஒரு குரல் கொடுப்பார். அதற்குப் பயந்து, வந்தவர்கள் செருப்பையெல்லாம் அண்ணி உள்ளே எடுத்து அடுப்படியில் அடுக்கி வைப்பார். அடுப்படியில் செருப்பா என்று எனக்கே ஒருமுறை துணுக்கென்றது. "வேற இன்னா பண்றது சொல்லு. சோறு போடுறத ஒளிச்சு போட வேண்டி இருக்குது" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

ஒரே மகள் ஷாலினி. படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். பெரியண்ணன் ஓய்வு பெற்ற வருஷம், வண்டலூருக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கட்டப் போவதாக விளம்பரம் பார்த்து அவள்தான் சொன்னாள். மகளுக்கும் பக்கம், பெரிய ஆஸ்பத்திரியும் பக்கம். மலையில் பங்கு பிரிக்காத நிலம். அங்கே வீடு கட்டினால் தம்பிகளோடு மனஸ்தாபம் வரும் என்று பெரியண்ணனுக்கு யோசனை. ஓய்வில் வந்த பணம், அண்ணியின் நகை, ஷாலினி பேரில் பேங்க் கடன் எல்லாம் சேர்த்து அங்கே ஒரு வீட்டுக்குக் கட்டினார்கள். கட்டடம் எழும்புவதற்கு முன்னாலேயே முக்கால்வாசிப் பணம் போய்விட்டது. இரண்டு வருஷத்தில், தை மாசம் சாவி என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எந்த மாடி வேண்டும் என்று கேட்டபோது அண்ணி நாலாவது மாடி, அதாவது உச்சி மாடி, என்றாராம். கம்பெனி மேனேஜர் பிரவீன்குமார் நல்ல மாதிரியாகப் பேசுகிற பிள்ளை. "மொட்டை மாடி வெயில் இறங்கும்மா. ரெண்டாவது எடுத்துக்கோங்க" என்று சொல்லிப் பார்த்தான். "மலைல பொறந்தவளுக்கு மேல இருந்து பாத்தாதான் தம்பி மூச்சு வரும்" என்று அண்ணி முடித்துவிட்டார்.

சொன்ன தை போயிற்று. அடுத்த தையும் போயிற்று. மேனேஜருக்கு எப்போது போன் பண்ணினாலும் "இன்னும் ரெண்டு மாசம்பா" என்பான். அப்போதுதான் அண்ணிக்கு அந்த யோசனை வந்தது. அது யோசனையா, பிசகா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் நானும் சரி என்றுதான் தலையாட்டினேன்.

"வைகாசில ஒரு நல்ல நாள் இருக்குது. வூடு முடியாங்காட்டியும் பரவால்ல, பால் காச்சிடலாம். வெளக்கு ஏத்தி பால் காச்சிட்டா நாம யாருன்னு வூட்டுக்குத் தெரிஞ்சிடும். அப்பறம் அதுவா நம்மள கூப்புட்டுக்கும்" என்றார்.

சாமி குடிவந்துவிட்டால் மிச்ச வேலை தானாக நடக்கும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகமில்லை. பெரியண்ணன் தயங்கித் தயங்கி மேனேஜரிடம் கேட்டார். அவன் மறுப்பான் என்று நினைத்தார். அவனோ, "தாராளமா பண்ணுங்கப்பா. உங்க வீடு, என்ன கேக்கணுமா?" என்று சந்தோஷமாகச் சம்மதித்தான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வேனில் பத்துப் பேர் போனோம். பூ என் பொறுப்பு. போய் இறங்கினால் அது வீடாகவே இல்லை. படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. லிப்ட் வர வேண்டிய இடத்தில் ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு குழி. அதன்மேல் இரண்டு பலகை போட்டிருந்தார்கள். மணலையும் ஜல்லியையும் மிதித்துக்கொண்டு நாலு மாடி ஏறினோம். அண்ணி இடுப்பில் பால் குடத்தோடு எல்லாருக்கும் முன்னால் ஏறினார். வாசலில் கதவு இல்லை. ஒரு பிளைவுட் பலகையை நிறுத்திச் சங்கிலி கோத்துப் பூட்டியிருந்தார்கள். ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை. தண்ணீரைக் கேனில் கொண்டுபோனதால் பிழைத்தோம்.

நிலைக்கதவு இருந்தால்தானே தோரணம் கட்டுவதற்கு? சுவரிலிருந்து ஒரு கம்பி துருத்திக்கொண்டு நின்றது. அதில் சாமந்தி மாலையைச் சுற்றினேன். மூன்று செங்கல்லை வைத்து அடுப்பாக்கி, மலைச்சாமி கரியராமர் படத்தைக் கிழக்குச் சுவரில் சாய்த்து, அண்ணி விளக்கேற்றினார். மேனேஜர் ஒரு தாம்பாளத்தில் சாவியும் ஒரு பெட்டி லட்டும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். "சாவி வாங்கினதுக்கு ஒரு கையெழுத்துப்பா, சும்மா பார்மாலிட்டிக்கு" என்று ஒரு காகிதத்தை நீட்டினான். எல்லாம் இங்கிலீஷ். ஷாலினி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் கண்ணாடியைக்கூடப் போடாமல் கையெழுத்துப் போட்டார். பால் பொங்கிக் கிழக்கே வழிந்தது. "கோவிந்தா!" என்று மலைச் சொந்தங்கள் போட்ட சத்தத்தில் கீழே வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மேனேஜர் அந்த நேரத்தில் ஒரு போட்டோ எடுத்தான். ஒரு காப்பி அனுப்புகிறேன் என்றான். அனுப்பவேயில்லை.

சாமைச் சோறு சாப்பிட்டு முடித்ததும் எல்லாரும் கீழே இறங்கிவிட்டோம். அண்ணி மட்டும் வரவில்லை. நான் மறுபடி ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்த ஜன்னல் ஓட்டை ஓரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தூரத்தில் சின்னக் குன்றாக ஒரு கரடு தெரிந்தது.

"அதோ பாரும்மா. மலை மாதிரியே இல்ல? இவருக்கு இனிமே பஸ்ஸுல படுக்குற வேல இல்ல. இங்க படுத்துக்கினு அத பாத்துக்கினு கெடக்கட்டும்."

சாயங்காலம் புறப்படும்போது, டைல்ஸ் வேலை பாக்கி இருக்கிறது என்று மேனேஜர் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். அண்ணி இரண்டு கையாலும் கொடுத்து, "வெளக்கு அணையற வரைக்கும் யாரையும் உள்ள உடாத தம்பி" என்றார்.

அதற்கப்புறம் கொரோனா வந்தது. வேலை நின்றது. கொரோனா போயிற்று, வேலை வரவில்லை. வாடகையும் கட்ட வேண்டும். ஷாலினி மாசாமாசம் பேங்குக்கும் கட்ட வேண்டும். இதற்கிடையில் அண்ணிக்குச் சர்க்கரை ஏறி, சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். சென்னைக்குப் போய்ப் பார்க்கிற தெம்பு இல்லை. பெரியண்ணன் மாசத்துக்கு ஒருமுறை போய் வருவார். வந்ததும் அண்ணி கேட்பாராம், "லிப்ட் போட்டாங்களா?" என்று.

ஒரு வெள்ளிக்கிழமை கோயிலில் வைத்து அவர் என்னிடம் சொன்னார். "போட்டாங்கன்னு சொல்லிட்டேன் தங்கச்சி. அடுத்த வாட்டி கதவு கேட்டா. தேக்குன்னு சொன்னேன். கொழாய்ல தண்ணி வருதான்னா. எந்நேரமும் வருதுன்னு சொன்னேன். இப்ப சொவுத்துக்கு இன்னா கலருன்னு கேக்குறா. இன்னா சொல்றது?"

"அண்ணிக்கு எது புடிக்கும்?"

"பச்ச."

"அப்ப பச்சன்னே சொல்லுங்கண்ணா. சாமி கோச்சிக்காது."

அங்கே அதே குழிதான், அதே பலகைதான். ஆனால் அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் அந்த வீடு ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி முடிந்துகொண்டிருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்த மறு மாசம் அண்ணி தவறிவிட்டார்.

பகல் பதினொரு மணிக்கு உயிர் போயிற்று. வாடகை வீட்டின் சொந்தக்காரர் நல்ல மனுஷர்தான். கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்புறம் தனியே கூப்பிட்டு, "நாளைக்கு எங்க வூட்ல பொண்ணு பாக்க வராங்க பெரியண்ணா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். பெரியண்ணன் உடனே போனை எடுத்தார். ஆம்புலன்ஸ் வரவழைத்து, அண்ணியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு மலைக்கு ஏற்றிப் போனார். முப்பது வருஷம் வண்டி ஓட்டிய ரோட்டில் அன்றைக்குத்தான் பின்னால் உட்கார்ந்து போனார். போகிற வழியெல்லாம் அவர் கேட்டது ஒன்றுதானாம். "வளைவுல மெதுவா போ தம்பி."

கருமாதி முடிந்து இறங்கி வந்ததும் ஷாலினி பிடிவாதமாக நின்றுவிட்டாள். "போதும்பா. வீடு வேணாம். பணத்த வட்டியோட திருப்பி வாங்கிடலாம். என்கூட பதினெட்டு பேர் கேஸ் போடுறாங்க" என்றாள். ஊரிலேயே தெரிந்த வக்கீல் இளஞ்செழியன்தான் இவர்கள் கேசை எழுதினார். வீட்டுக் கம்பெனிகள் மேல் புகார் சொல்வதற்கென்றே சென்னையில் ஓர் ஆணையம் இருக்கிறதாம். அங்கே போட்டார்கள். மற்றவர்கள் கேசுக்கெல்லாம் கம்பெனி ஏதேதோ காரணம் சொன்னது. இவருக்கு மட்டும் வேறு பதில் வந்தது. 'இவர் சாவி பெற்றுக் கையெழுத்திட்டார். கிரகப்பிரவேசமும் செய்துவிட்டார். போட்டோ இருக்கிறது. வீட்டை ஒப்புக்கொண்டவர் பணம் திரும்பக் கேட்க முடியாது' என்று எழுதியிருந்தார்கள்.

வக்கீல் பெரியண்ணனையும் என்னையும் கூப்பிட்டார். நான் கூட இருந்தவள் என்பதால் சாட்சியாக எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

"அண்ணா, இத ரொம்ப சுளுவா முடிச்சிடலாம். அது கிரகப்பிரவேசமே இல்ல, கட்டடம் நல்லபடியா முடியணும்னு ஒரு பூஜ போட்டோம், அவ்ளோதான்னு சொல்லிடுங்க. பூக்கார அக்காவும் அதையே சொல்லட்டும்."

"பால் காச்சுனோமே சார்" என்றார் பெரியண்ணன்.

"காச்சுனீங்க. டீ போடக்கூடத்தான் பால் காச்சுறோம்."

"இல்ல சார். அது அப்பிடி இல்ல. என் பொண்டாட்டி வெளக்கு ஏத்தி, பேரு சொல்லி, பால் காச்சுனா. அந்த வூட்ல அவ பண்ண காரியம்னு இருக்குறது அது ஒன்னுதான். அது இல்லன்னு என் வாயால எப்பிடி சொல்லுவேன்?"

"சொல்லலன்னா பணம் போயிடும்ணா. உங்க பொண்ணு கட்டுற கடன யோசிங்க."

"யோசிக்காம இல்ல. ராவெல்லாம் அதுதான் யோசன. அவகிட்ட ஒரு வருசமா பொய் சொன்னேன் சார். லிப்ட் போட்டாச்சுன்னேன், கதவு வெச்சாச்சுன்னேன். அது போதும். இனிமே அவள வெச்சு ஒரு பொய் சொல்ல மாட்டேன்."

வக்கீல் பேனாவை மேஜைமேல் போட்டார். "மலைல ஓட்டி ஓட்டி மனுசன் நேரா போற ரோட்டையே மறந்துட்டாரு" என்று என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். ஷாலினி அன்றைக்கு போனில் அழுதிருக்கிறாள். அப்பா மேல் கோபமும் உண்டு, பாவமும் உண்டு. யார் பக்கம் பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. உள்ளதைச் சொல்லுகிற நாக்கைக் கொடு என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

விசாரணை நாளில் சென்னைக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதிகாரி ஓர் அம்மா. கண்ணாடிக்கு மேலே பார்த்துப் பேசினார். கம்பெனி வக்கீல் காகிதங்களை நீட்டி, அந்தப் போட்டோவையும் எடுத்துக் காட்டினார். பெரியண்ணன் அதுவரை அதைப் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பெரியவரே, இது நீங்கதான?" என்று அதிகாரி அம்மா கேட்டார்.

"நான்தாங்கம்மா. பக்கத்துல இருக்குறது எங்க வூட்டுக்காரம்மா. இப்ப இல்லீங்க."

"அன்னைக்கு நடந்தது கிரகப்பிரவேசமா?"

இளஞ்செழியன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமாங்கம்மா. பால் காச்சுனோம். நல்லா பொங்குச்சு."

கம்பெனி வக்கீல், "அவரே ஒத்துக்கிறார்" என்று கையை விரித்தார். அதிகாரி அம்மா உடனே ஒன்றும் எழுதவில்லை. போட்டோவைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இந்த மாலை எதுல தொங்குது?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. நான் எழுந்தேன்.

"கம்பிங்கம்மா. நான்தாங்க பூ கட்டுனேன். நெலை இல்லீங்க, கதவு இல்லீங்க. ஆணி அடிக்கக்கூட ஒரு கட்டை இல்லீங்க. சொவுத்துலேருந்து கம்பி நீட்டிக்கினு இருந்துச்சு, அதுல சுத்துனேன்."

"தண்ணி?"

"கேன்ல கொண்டுபோனோங்க."

"சாவி இவர்கிட்ட எவ்வளவு நாள் இருந்தது?"

"காத்தால குடுத்து சாயங்காலம் வாங்கிக்கினாங்கம்மா. லட்டு மட்டும் எங்ககிட்டயே இருந்துச்சு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அதிகாரி அம்மா சிரிக்கவில்லை. கதவில்லாத வீட்டுக்கு எந்தப் பூட்டின் சாவியைக் கொடுத்தீர்கள் என்று கம்பெனி வக்கீலைக் கேட்டார். பால் காய்ச்சியது அவர்கள் நம்பிக்கை, வீட்டை ஒப்படைப்பது கம்பெனியின் கடமை, ஒன்று நடந்ததால் மற்றதும் நடந்ததாக ஆகாது என்று நிதானமாகச் சொன்னார். பிறகு பெரியண்ணன் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. பணத்த வட்டியோட திருப்பி வாங்கிக்கலாம். இல்லன்னா வீடே வேணும்னா காத்திருக்கலாம். அதுவரைக்கும் மாசாமாசம் வட்டி தருவாங்க. ஒரு வருஷத்துல முடிச்சிடறதா கம்பெனி சொல்லுது. யோசிச்சுச் சொல்லுங்க."

ஷாலினி அப்பாவையே பார்த்தாள். நானும் பார்த்தேன். பணம் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். ஆனால் அந்தப் போட்டோ அவர் கண்ணெதிரில் மேஜைமேல் இருந்தது. அதில் அண்ணி குனிந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கொண்டையில் நான் வைத்த மல்லி. வீடு வேண்டும் என்று இவர் சொல்லிவிடுவார் என்றே எனக்குத் தோன்றியது.

பெரியண்ணன் அதிலிருந்து கண்ணை எடுத்து அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "நான் பஸ் டிரைவருங்கம்மா. வண்டி எப்ப எடுப்பாங்கன்னு கேட்டா, இதோ எடுத்துடுவாங்கன்னுதான் நாங்க சொல்லுவோம். எங்களுக்கே தெரியாது. இவங்க சொல்றதும் அப்பிடித்தாங்க. அவ இருந்தா காத்துக்கினு இருப்பேன். வூடு வூடுன்னு காத்திருந்தது அவதான். நான் அவளுக்குத் தொணைக்குக் காத்திருந்தேன். இப்ப தொணை இல்ல. பணத்த எம்பொண்ணுகிட்ட குடுத்துடச் சொல்லுங்க."

எழுதிக்கொண்டார்கள். வெளியே வரும்போது அவர் கம்பெனி வக்கீலிடம் போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, அந்த போட்டோவுல ஒரு காப்பி கெடைக்குங்களா? எங்ககிட்ட இல்ல."

அந்த வக்கீல் ஒரு நிமிஷம் தரையைப் பார்த்தார். அன்று சாயங்காலமே ஷாலினி போனுக்கு அனுப்பிவிட்டார். அவரும் நல்லவர்தான்.

உத்தரவு வந்த பிறகும் கம்பெனி உடனே கொடுத்துவிடவில்லை. மூன்று தவணையாக இழுத்து, ஒரு வருஷம் கழித்து முடித்தார்கள். ஷாலினியின் பேங்க் கடன் அடைந்தது. மிச்சத்தையும் அவள் பேரிலேயே போட்டுவிட்டு, மலைக்கே போகிறேன் என்றார் பெரியண்ணன். சென்னைக்கு வந்து என்னோடு இரு என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள். "உன்னுதும் வாடகை வூடுதான கண்ணு" என்று சொல்லிவிட்டார்.

ஆவணி மாசம் ஒரு வியாழக்கிழமை அவர் சாமானோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். அடுத்த பங்குனியில் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வெள்ளிமலை பஸ் டிரைவர் பூ வாங்க வந்தபோது சொன்னார்.

அன்றைக்கு ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாயும்தான் கொண்டுவந்திருந்தார். டிரைவர் தம்பி ஓடிவந்து பெட்டியை வாங்கி ஏற்றி, முன் சீட்டைத் துடைத்து உட்காரவைத்தார். "வண்டிய நீங்களே எடுக்குறீங்களாண்ணா?" என்று கேலியும் பண்ணினார். "பிரேக்கு நீ போடு, திட்டு நான் வாங்கிக்கிறேன்" என்று பெரியண்ணனும் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "மேல எங்கண்ணா தங்குவீங்க?" என்று கேட்டேன்.

"தம்பி வூட்ல ஒரு ரூம் ஒழிச்சிக் குடுத்திருக்கான். நல்ல வூடு, தெறந்தா காத்து அடிக்கும்" என்றார்.

"தூக்கம் வருமாண்ணா, புது எடத்துல?"

கண்டக்டர் விசில் கொடுத்தார். வண்டி நகர ஆரம்பித்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் எட்டிச் சொன்னார்:

"வரும் தங்கச்சி. எந்த வூட்ல படுத்தாலும் நடுவுல முழிப்பு வந்தா மட்டும் இது யாரு வூடுன்னு ஒரு நிமிசம் வெளங்காது. அந்த ஒரு நிமிசம் அவ பக்கத்துல இருக்குற மாதிரியே இருக்குது. அதனால பரவால்ல. நீ பூவப் பாரு, வெயில் வந்துடுச்சு."